சேத்துப்பட்டும் திருவள்ளூரும்: காசநோயின் முன் கேட்கப்பட்ட இரு கேள்விகள்

புதுமைப்பித்தனைப் பாடமாக நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், ஆசிரியர் வரலாற்றின் கடைசி வரியை நாம் சற்று வேகமாகவே கடந்துவிடுவது வழக்கம். 1948 ஜூன் 30, திருவனந்தபுரம், காசநோய், வயது நாற்பத்திரண்டு. ஒரு முறை மாணவி ஒருவர் எழுந்து, "அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாதா ஐயா?" என்று கேட்டார். கிடையாது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம். வீடு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், சொன்ன விடை தவறு என்பது தெரிந்தது. அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

மருந்து இருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் அமெரிக்காவில் 1943இலேயே கண்டறியப்பட்டுவிட்டது. புதுமைப்பித்தன் மறைந்த அதே ஆண்டு, நான்கு மாதங்கள் கழித்து, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அம்மருந்தைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது. போருக்குப் பின் டாலருக்குத் திண்டாடிய பிரிட்டனிடம் எல்லோருக்கும் போதுமான மருந்து இல்லை. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கலைப் போன்ற முறைக்கு விட்டார்கள். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறை அது. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிற்று: சில மாதங்களில் கிருமி அம்மருந்துக்குப் பழகிவிடுகிறது. தனி ஒரு மருந்தால் நோயை நிலையாக வெல்ல இயலாது.

ஆக, மருந்து இருந்தும் அதை யாருக்கு, எதனுடன் சேர்த்து, எத்தனை காலம், எங்கே வைத்துக் கொடுப்பது என்ற அறிவு இல்லாதிருந்தது. மருந்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை என்றால் இந்த அறிவைத் தேடுவது வேறொரு வேலை. அதில் புகழ் குறைவு, செலவு அதிகம், காலமும் நீளும். அந்த இரண்டாவது வேலையின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் சென்னையில் எழுதப்பட்டது என்பதைத் தமிழ் படித்தவர்களில் பலர் அறியோம். நாமும் அறிந்திருக்கவில்லை.

அக்காலத்தில் காசநோய்க்கு மருத்துவம் என்றால் சானடோரியம் என்றே பொருள். நல்ல காற்று, ஊட்டமான உணவு, மாதக்கணக்கில் ஓய்வு. புறநகர் ரயிலில் செல்லும் நாம் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடந்துதான் தாம்பரம் போகிறோம். அந்தச் சானடோரியத்தை 1928இல் நிறுவியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை இராமானுஜன் சிலகாலம் தங்கியிருந்தார். (இராமானுஜனுக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்காலத்தில் ஒரு கருத்து எழுந்தது. அது தனிக் கதை.) எலும்புருக்கி என்று நம் முன்னோர் பெயரிட்ட நோய்க்கு வசதி உள்ளவர்கள் மலைக்கும் கடற்கரைக்கும் சென்றார்கள், வசதியற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டு கிடந்தார்கள்.

1950களின் நடுவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சளியில் கிருமியோடு நடமாடுபவர்கள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நால்வர் என்று அதில் தெரிந்தது. நாட்டின் மக்கள்தொகையால் பெருக்கினால் அது பதினைந்து லட்சத்தை எட்டும். இருந்த படுக்கைகளோ மிகக் குறைவு. எல்லோருக்கும் படுக்கை அமைத்து முடிக்கும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறையே போய்விடும். இதற்கிடையில் 1952இல் ஐசோனியாசிட் வந்துவிட்டது. மலிவானது, வாயால் விழுங்கக்கூடியது. அப்படியானால் நோயாளியை அவர் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாமே என்று தோன்றும். கூடவே அச்சங்களும் இருந்தன. நெருக்கடியான குடிசையில், அரை வயிற்று உணவோடு, வேலைக்கும் போய்க்கொண்டு மருந்து தின்றால் குணமாகுமா? எழுத்தறியாத ஏழை ஓராண்டு விடாமல் மருந்து உண்பாரா? அவர் வீட்டிலேயே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொற்றாதா?

இவற்றுக்கு விடையாக அவரவர் நம்பிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்காமல், 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கைகோத்தன. தலைமை ஏற்று வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, அதுவரை மருத்துவம் பெறாத 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். சீட்டு யாரைச் சானடோரியத்துக்கு அனுப்பியதோ அவர் அங்கே சென்றார். மற்றவர் வீட்டிலேயே இருந்தார். இரு சாராருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும், பாஸ் எனப்படும் மருந்தும், ஓராண்டுக்கு. வீட்டில் இருந்தோர் வாரம் ஒரு முறை வந்து மருந்தை வாங்கிச் செல்ல வேண்டும். முன்னறிவிப்பின்றி மையத்தார் வீட்டுக்கே வந்து எஞ்சியிருக்கும் மருந்தை எண்ணிப் பார்ப்பார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்றும் அறிவார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கணக்கெழுதவில்லை. அதேபோல் மருத்துவரின் உள்ளுணர்வையும் நம்பவில்லை என்பதை நாம் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. 1959இல் முடிவுகள் வெளிவந்தன. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு. அங்கிருந்தவர்களின் எடை மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கூடியிருந்தது. இருந்தும் கிருமி ஒழிவதில் பெரிய வேறுபாடு இல்லை. அத்துடன் கடையைக் கட்டிவிடாமல் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போதும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தனர். எல்லாவற்றிலும் எதிர்பாராதது குடும்பத்தாரைப் பற்றிய முடிவு. வீட்டில் இருந்து மருந்துண்டவரின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. காரணம் எளியது, தெரிந்த பிறகு எளியது. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்ற வேண்டியது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் ஆபத்து விரைவில் குறைகிறது. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுபோன அந்தப் பெரும் துயரத்துக்குப் பயன் சொற்பமே என்றாகிவிட்டது.

1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இந்த முடிவின்மேல்தான் எழுந்தது. மேலை நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாரம் இரு முறை மட்டும், ஒருவர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையையும் சேத்துப்பட்டு மையமே 1960களில் சோதித்தது. அது பின்னாளில் உலகெங்கும் வேறு பெயரோடு பரவியது. அறிவு கிடைத்துவிட்டது என்பதற்காக அதைச் செயல்படுத்தப் பணமும் உடன் வந்துவிடவில்லை. தேசியத் திட்டம் பல்லாண்டுகள் மருந்துக்கும் ஆளுக்கும் திண்டாடியதையும், சிகிச்சையைப் பாதியில் விட்டவர் ஏராளம் என்பதையும் சொல்லாமல் விட்டால் வரலாறு பொய்யாகிவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. இது முதலாவதைப் போல இனிப்பானதன்று.

1948இல்தான் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி இயக்கமும் தொடங்கியது. ஊசிமருந்து கிண்டி கிங் நிலையத்தில் தயாரானது. கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போடும் திட்டம். இதைக் கடுமையாக எதிர்த்தவர் இராஜாஜி. 1955இல் இதற்கெனவே ஒரு சிறு நூல் வெளியிட்டார். முன்னாள் கவர்னர் ஜெனரல், முன்னாள் முதலமைச்சர். அவர் சொல்லுக்கு எடை இருந்தது. நடுவண் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் திட்டத்தின் பக்கம் உறுதியாக நின்றார். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், கொடிய கிருமி கலந்துவிட்ட பி.சி.ஜி. மருந்தால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது பலருக்கு நினைவிருந்தது. மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட இயலாது என்பதே நம் கருத்து.

அறிவியல் உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு தடுப்பூசிக்குச் சிறந்த பலன் உண்டு என்றது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்தது பலன் அற்பம் என்றது. இரு தரப்பும் தத்தமக்கு உகந்த ஆய்வைக் காட்டி வாதிடலாம், வாதிட்டார்கள். இதை முடித்துவைக்கத்தான் 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் பேராய்வு ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்த, உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரத் துறையும் துணைநின்றன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு வெறும் நீர்மம். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை ஊர் ஊராகச் சென்று மார்புப் படம் எடுத்து, சளியைச் சோதித்தார்கள்.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. எப்பயனும் தரவில்லை. உலகம் திடுக்கிட்டது. முறையில் குற்றம் இருக்குமோ என்று தேடிப் பார்த்தார்கள். வல்லுநர் குழுக்கள் அமர்ந்து ஆராய்ந்தன. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பின்னரும், 1999இல் வெளியான இறுதி அறிக்கை அதையே சொன்னது. சிறுவரிடம் மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள தீங்கற்ற உறவுக் கிருமிகள் ஏற்கெனவே உடலைப் பழக்கிவிடுவதால் ஊசியின் பலன் தெரிவதில்லை என்பது ஒரு விளக்கம். அது குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் முதலிய கொடிய வடிவங்களைப் பி.சி.ஜி. தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் உண்டு. ஆகவே பிறந்தவுடன் போடும் ஊசியாக அது இன்றும் தொடர்கிறது.

இராஜாஜி 1972இலேயே மறைந்துவிட்டார். முடிவைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பாரா? அவர் அஞ்சியது தீங்கை. ஆய்வு கண்டதோ பயனின்மையை. இரண்டும் வேறு. அவருடைய ஐயம் நேர்மையானதுதான். ஆனால் ஐயத்தால் மட்டும் ஒரு குழந்தைக்கும் எதுவும் தெரிந்துவிடாது. அமைச்சரின் உறுதியாலும் தெரிந்துவிடவில்லை. இருபதாண்டுகளாக நடந்துவந்த திட்டத்தைச் சோதிக்கப் பொதுப்பணத்தை எடுத்துக் கொடுத்து, வந்த கசப்பான விடையை அச்சிட்டு உலகுக்குக் கொடுத்த ஒரு நிறுவனத்தால்தான் தெரிந்தது. அறிவியலை எதற்காக நம்ப வேண்டும் என்று யாரேனும் கேட்டால், நாம் சேத்துப்பட்டின் வெற்றியை விடத் திருவள்ளூரின் தோல்வியைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவோம்.

இவ்விரண்டு ஆய்வுகளுக்கும் எந்த வணிகர் பணம் கொடுத்திருப்பார்? வீட்டிலேயே மலிவான மருந்தால் குணமாகலாம் என்று நிறுவுவதில் யாருக்கு இலாபம்? 1960களில் ரிஃபாம்பிசின் வந்ததற்குப் பின், புதிய வகைக் காசநோய் மருந்தான பெடாகுவிலின் ஒப்புதல் பெற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1921இல் முதன்முதலாகப் போடப்பட்ட பி.சி.ஜி.க்கு அடுத்த தடுப்பூசி ஒன்றின் இறுதிக்கட்ட ஆய்வு 2024இல்தான் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அதற்கும் செலவை ஏற்றவை இரண்டு அறக்கட்டளைகள். 2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பணிகளை முடக்கியபோது, நடந்துகொண்டிருந்த காசநோய் ஆய்வுகள் சில நடுவழியில் நின்றன. பதினைந்து ஆண்டுகள் விடாமல் கணக்கெழுதிய திருவள்ளூரை நினைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். ஏழாம் ஆண்டில் நிறுத்தப்படும் பதினைந்தாண்டு ஆய்வு பாதி விடை தருவதில்லை. பலவேளை ஒன்றுமே தருவதில்லை.

சேத்துப்பட்டு முடிவுக்கு ஒரு பின்கதையும் உண்டு. உணவில் வேறுபாடு இருந்தும் குணமாவதில் வேறுபாடு இல்லை என்ற அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, காசநோயில் உணவுக்குப் பங்கில்லை என்பதுபோல மருத்துவ உலகம் பல்லாண்டுகள் நடந்துகொண்டது. ஆய்வு கேட்ட கேள்வி அதுவன்று. நோய் வந்தவர் மருந்தால் குணமாவாரா என்பதே அங்கு கேட்கப்பட்டது; உணவு நோய் வராமல் தடுக்குமா என்பதை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. ஜார்க்கண்டில், நோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரம் பேரிடம், சீட்டு விழுந்த வீடுகளுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு இருந்தது. 2023இல் முடிவு வந்தது: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைவு. அதற்கு முந்தைய ஆண்டே தமிழ்நாடு அரசு, நோய் கண்டறிந்த அன்றே நோயாளியை எடை பார்த்து, மெலிந்து தளர்ந்தவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. படுக்கை எல்லோருக்கும் தேவையில்லை என்று 1959இல் தெரிந்தது. யாருக்குத் தேவை என்பது இப்போதுதான் தெரிந்துவருகிறது.

அந்த மாணவி படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அடுத்த முறை அந்த வரிக்கு வரும்போது, யாரும் கேட்காவிட்டாலும், மருந்து இருந்தது என்றே தொடங்குவதாக இருக்கிறோம்.