குன்னூர் ஏற்றமும் டீசல் அம்பாசிடரும்

மேட்டுப்பாளையத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருப்பவன் நான். 1980 வாக்கில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடரில் டீசல் எஞ்சினைப் பொருத்தி விற்க ஆரம்பித்தது. கொஞ்ச காலத்திலேயே மலைக்குப் போகும் டாக்சிகள் பெரும்பாலும் டீசலுக்கு மாறிவிட்டன. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த 1,489 சி.சி. எஞ்சின், 37 குதிரைத்திறன்தான். வண்டியே ஒரு டன்னுக்கு மேல். உள்ளே ஒரு குடும்பம், மேலே கேரியரில் பெட்டி படுக்கை. இத்தனையையும் இழுத்துக்கொண்டு கல்லாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூருக்குப் போக வேண்டும்.

‘பழைய அம்பாசிடர் மலையேறினால் கொதிக்கும்’ என்று இன்றைக்குச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். இது அந்த வண்டிக்குச் செய்கிற அநியாயம். ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, ஓட்டுகிறவர் விஷயம் தெரிந்தவராகவும் இருந்தால் அது ஒரு சொட்டுத் தண்ணீர் கக்காமல் ஊட்டி போய்ச் சேரும்.

டீசல் எஞ்சின் இயல்பிலேயே சூடு குறைவானது. பாரமில்லாமல் ஓடும்போது உள்ளே போகிற காற்றுக்கு மிகக் கொஞ்சம் எண்ணெயே பீய்ச்சப்படுகிறது. அதனால்தான் ரயில்வே கேட்டில் நிற்கும்போது பெட்ரோல் வண்டியில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போகும், பக்கத்தில் நிற்கும் டீசல் வண்டி பேசாமல் உறுமிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் கியரில் விட்டுக் காலை எடுத்தால் எண்ணெயே போகாது. ஆனால் தண்ணீர் பம்பு சுற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் குளிர்ந்துகொண்டே வரும். அந்த எஞ்சினுக்குச் சோதனை ஏற்றத்தில் மட்டும்தான்.

அங்கே காப்பாற்றியது மின்விசிறி இல்லை, அந்த வண்டியில் அது கிடையாது. ஃபேனும் தண்ணீர் பம்பும் ஒரே தண்டில், ஒரே பெல்டில் ஓடின. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு காற்று, அவ்வளவு தண்ணீர். பர்லியார் தாண்டி மூன்றாவது கியரிலேயே திணறத் திணற இழுத்தால் பாரம் முழுக்க எஞ்சின் மேல் இருக்கும், ஃபேனோ சோம்பலாகச் சுற்றும். பழைய டிரைவர்கள் வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு இறக்கிவிடுவார்கள். சத்தம் கூடும், ஆனால் சூடு இறங்கும். ‘அண்ணே, வண்டி ஏன் இப்படிக் கத்துது?’ என்று பின்னால் உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். அந்தச் சத்தம்தான் வண்டியைக் குன்னூர் சேர்த்தது.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி ஒழுங்காக இறுகியிருந்தால், தரைமட்டத்தில் கொதிநிலை 110 டிகிரிக்குப் போகும். மேலேயும் 100 டிகிரியைத் தாண்டும். மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வாசர் வெடித்துப்போனால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. சில ரூபாய் வாசருக்காக எஞ்சின் ஹெட்டையே கழற்றிய வண்டிகள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி உப்புத் தண்ணீர். கூலன்ட் என்ற பேச்சே அன்றைக்குக் கிடையாது. சிறுவாணி, பவானி ஆற்றுத் தண்ணீர் ஊற்றியவர்கள் தப்பித்தார்கள். போர் தண்ணீர் ஊற்றியவர்கள் என் பட்டறைக்கு வந்தார்கள். ரேடியேட்டரைக் கழற்றி, மேல் டேங்கின் ஈயத்தைச் சுடரில் உருக்கித் திறந்தால், நாக்கு மாதிரித் தட்டையான பித்தளைக் குழாய்களின் வாயில் வெள்ளையும் துருவுமாக உப்பு கட்டியிருக்கும். மெல்லிய இரும்புப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுக்க வேண்டும். வேகம் காட்டினால் குழாய் கிழிந்துவிடும். அடைப்பு எடுத்த பிறகு டேங்கை மறுபடி ஈயம் வைத்து ஒட்டி, வாய்களை அடைத்து, தொட்டியில் முக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். குமிழி நின்றால்தான் வண்டிக்குப் போகும்.

அடைப்பை எடுக்காமல் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியச் சொல்கிற மெக்கானிக்குகளும் இருந்தார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். சுமார் 80 டிகிரி வரை சூடு ஏறாமல் டீசல் எஞ்சின் நன்றாக எரிக்காது. புகை தள்ளும், எண்ணெய் குடிக்கும், சிலிண்டர் தேயும். கொதிப்பு நின்றதாகத் தோன்றும்; எஞ்சினின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கும்.

பிறகு அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் டேங்கும் வந்தன. அவற்றில் ஈயம் பிடிக்காது. ஒழுகினால் பெரும்பாலும் தூக்கிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள். 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றது. எங்கள் தொழிலில் பாதி அதற்கு முன்பே போய்விட்டது.

இன்னும் டீசல் அம்பாசிடர் வைத்திருப்பவர்களிடம் ஒன்றே கேட்கிறேன். பழைய பித்தளை ரேடியேட்டரை எடைக்குப் போடாதீர்கள். அடைப்பு எடுத்து, உப்பில்லாத தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றி, மூடியை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு நேரத்தோடு இறக்குங்கள்.