பாலைவனத்தில் ஒரு பிற்பகல்

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மண்ணில் அரபு நாட்டு மரங்கள்! 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர்தான் நம்மவர் பெருமளவில் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினர். இன்று அங்கிருந்து வரும் படங்களில் செம்மணல் மேடும் ஜீப்பும் ஒட்டகமும் அநேகமாக இருக்கும். பலவும் துபாயிலிருந்து ஹத்தா போகும் வழியிலுள்ள லஹ்பாபில் எடுத்தவை.

மணலில் இறங்குமுன் சாரதி டயர்களின் காற்றைக் குறைப்பார். டயர் பரந்து, வண்டி புதையாமல் ஓடும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் செய்வதும் அதைத்தான். 1946இல் வில்ஃபிரட் தெசிகர் ருப்உல் காலிப் பெரும்பாலையைக் கடந்தது அந்தப் பாதங்களை நம்பியே. கூடச் சென்ற நாடோடி அரபிகளுக்கு அதுவே வாகனம், பால், உயிர். 1958இல் அபுதாபியில் எண்ணெய் கண்டார்கள், லொறிகள் பெருகின, ஒட்டகம் சுமை இறக்கியது. இப்போது கூடாரத்தருகே ஐந்து நிமிடச் சவாரி, பிறகு சுட்ட இறைச்சியோடு இராச்சாப்பாடு.

படம் அனுப்பும் பிள்ளைகளைக் குறைசொல்ல மனமில்லை. ஆனால் வீட்டுப் பணிப்பெண்களாகப் போன நம் உம்மாமாரை அந்த மணல்மேட்டில் காணோம். ஒரு பிற்பகல் ஓய்வே அவர்களுக்கு அரிது. 1980களில் அவர்களிடமிருந்து வந்தவை கடிதங்களும் குரல் பதிந்த கசெட்டுகளும்தான்.