வீட்டு இசைக்கு ஒரு சிறிய மிடி கீபோர்ட்: மன்னாரில் வாங்குபவர்களுக்கு

இடப்பெயர்வுகளில் ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள், பத்திரங்களை எடுத்தார்கள். ஹார்மோனியத்தை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரு வழியில் ஆடப்பட்ட மன்னார் நாட்டுக்கூத்தின் மெட்டுகளை அறிந்தவர்கள் இன்று ஊரில் சிலர், தமிழக முகாம்களில் சிலர், ரொறன்ரோவில் சிலர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் மடிக்கணினியோடு ஒரு சிறிய கீபோர்ட்டை இணைத்து வீட்டிலேயே இசையமைக்க விரும்புகிறார்கள். எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இது ஓர்கன் அல்ல

மிடி என்பது 1983 இல் அறிமுகமான ஒரு பொது மொழி. எந்த விசை அழுத்தப்பட்டது, எவ்வளவு பலமாக, எப்போது விடப்பட்டது என்ற தகவலை மட்டும் அது அனுப்பும். பெரும்பாலான மிடி கீபோர்ட்டுகளுக்குச் சொந்தக் குரல் கிடையாது. சத்தம் கணினியிலோ தொலைபேசியிலோ உள்ள மென்பொருளிலிருந்துதான் வரும். தனியாக வைத்து வாசிக்க நினைப்பவர் சாதாரண ஓர்கன் வாங்குவதே நல்லது.

இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மிடி கோப்பு மிகச் சிறியது. சாதாரண ஒலிப்பதிவு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் பிடிக்கும். ஒரு முழுப் பாட்டின் மிடி கோப்பு சில பத்துக் கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். மன்னாரில் வாசித்ததை வட்ஸ்அப்பில் பாரிஸுக்கு அனுப்பலாம். அங்குள்ளவர் வாத்தியத்தை மாற்றி, மெட்டைத் தொடர்ந்து திருப்பி அனுப்பலாம்.

எத்தனை விசை?

25 விசை என்றால் இரண்டு ஸ்தாயி. அக்காய் எம்பிகே மினி, ஆர்துரியா மினிலாப், நொவேஷன் லோஞ்ச்கீ மினி ஆகிய மூன்றும் இந்த வகை. பையில் போகும், தாளம் தட்ட பேட்களும், ஒலியை மாற்றத் திருகுகளும் உண்டு. ஆனால் விசைகள் ஒடுங்கியவை. கோயிலிலோ தேவாலயத்திலோ ஹார்மோனியம் வாசித்துப் பழகிய விரல்கள் அதில் தடுமாறும்.

ஹார்மோனியக்காரர் ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிப்பவர். அவருக்கு 61 விசை தேவையில்லை. முழு அளவு விசைகளுடன் 37 அல்லது 49 இருந்தால் போதும். லோஞ்ச்கீ 37, எம்-ஓடியோ கீஸ்டேஷன் 49 போன்றவை அவருக்குப் பொருந்தும். பியானோ போல இரு கையாலும் வாசிப்பவர் 49 இற்குக் குறையக்கூடாது.

கமகம் வருமா?

விசைப்பலகை பன்னிரண்டு சுரங்களில் நிற்பது. நமது பாட்டு சுரங்களுக்கு இடையில் ஓடுவது. அந்த அசைவைக் கொண்டுவருவது பிட்ச் பெண்ட். வாங்குமுன் அதைத் தொட்டுப் பாருங்கள். சிலவற்றில் சக்கரம், சிலவற்றில் தொடுபட்டை, சிலவற்றில் சிறு ஜோய்ஸ்டிக். என் அனுபவத்தில் மெதுவான அசைவுக்குச் சக்கரமே கைக்கு அடங்குகிறது. அதன் வீச்சு வழக்கமாக இரண்டு அரைச்சுரம். மென்பொருளில் கூட்டலாம், குறைக்கலாம்.

ஒரு கையால் வாசிப்பவர்களுக்கு

எறிகணையிலும் கண்ணிவெடியிலும் கையையோ விரல்களையோ காலையோ இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார், நாமே கேட்கவேண்டும். ஆர்துரியா கீஸ்டெப்பில் 32 ஒடுங்கிய விசைகளும், கோர்ட் வசதியும், ஹோல்ட் பொத்தானும் உண்டு. ஒரு விரலால் முழுக் கோர்டை எழுப்பலாம். கால் பெடல் இல்லாமலே ஒலியைப் பிடித்து வைக்கலாம். மென்பொருளில் இடது கைப் பகுதியை முதலில் பதிந்து, வலது கைப் பகுதியைப் பிறகு அதே கையால் சேர்க்கலாம். நேரத்தில் தவறிய சுரங்களைச் சரியான இடத்துக்கு இழுத்துவிடவும் முடியும்.

மின்சாரமும் உப்புக்காற்றும்

2022 இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுக்கும் கீபோர்ட்டாகப் பாருங்கள். மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும் வரை வேலை நடக்கும். தனி அடப்டர் கேட்பவை நமக்குச் சரிவராது.

கடற்கரை வீட்டில் உப்பு ஈரம் யூஎஸ்பி வாயையும் விசைகளின் அடித்தொடர்புகளையும் அரிக்கும். கடல் பக்க யன்னலோரம் வைக்கவேண்டாம். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொதியுடன் மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

கணினி இல்லையென்றால்

அன்ட்ரொயிட் 6 இலிருந்து மிடி வசதி உண்டு. ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கித் தொலைபேசியில் இணைக்கலாம். கணினியில் எல்எம்எம்எஸ் இலவசம். மாக் கணினியில் கராஜ்பாண்ட் இலவசம். விண்டோஸில் விசையை அழுத்திச் சற்றுப் பிந்திச் சத்தம் வந்தால் கீபோர்ட்டைக் குறைசொல்ல வேண்டாம். அசியோ ட்ரைவர் ஒன்றை நிறுவிப் பாருங்கள்.

பாவித்ததை வாங்கும்போது

ஒவ்வொரு விசையையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்திப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால் அந்த விசை பழுது. யூஎஸ்பி கேபிளை ஆட்டும்போது இணைப்பு அறுந்தால் விட்டுவிடுங்கள். உடன் வரும் மென்பொருளை முதல் உரிமையாளர் ஏற்கெனவே பதிந்திருக்கலாம். அதை நம்பி விலை கொடுக்கவேண்டாம். வெளிநாட்டு உறவுகள் அனுப்புவதென்றால் உத்தரவாதம் இங்கு செல்லுமா, சுங்கவரி எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள்.

எதை முதலில் செய்வது?

புதிதாகப் பாட்டமைக்கும் இளையவருக்கு 25 விசையும் பேட்களும் போதும். ஹார்மோனியக் கைக்கு முழு அளவில் 37 அல்லது 49. ஒரு கையால் வாசிப்பவருக்குக் கோர்ட், ஹோல்ட் உள்ளது.

மிடி சுரத்தைத்தான் காக்கும்; குரலைக் காக்காது. அண்ணாவியாரின் தொண்டையில் உள்ள இழுப்பும் நடுக்கமும் எந்த விசையிலும் இல்லை. வீட்டில் கூத்துப் பாட்டுத் தெரிந்த முதியவர் இருந்தால், கீபோர்ட் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் தொலைபேசியில் இன்றைக்கே அவரைப் பாடவைத்துப் பதியுங்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கீபோர்ட்டை அடுத்த மாதமும் வாங்கலாம்.