ஒரே பந்தி, இரண்டு கதவு: பெரியா கல்லூரியின் 46 ஆண்டுகள்



1873இல் ஜோதிராவ் ஃபுலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். அந்தப் போராட்டத்தை வகுப்பறைக்குள் கொண்டுசென்ற ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கதையை இன்று பேச விரும்புகிறேன். அது கென்டகி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரி. பெருமைப்படுவதற்கு மட்டுமல்ல, எச்சரிக்கையாக இருப்பதற்கும் அந்தக் கதை நமக்கு வேண்டும்.

கென்டகி அடிமைமுறை நிலவிய மாநிலம். அங்கே ஜான் ஃபீ என்ற பாதிரியார் 1855இல் ஓர் அறை கொண்ட பள்ளியைத் தொடங்கினார். அடிமைமுறை பாவம் என்று பிரசங்கம் செய்தவர் அவர். எல்லா மக்களும் ஒரே இரத்தத்தால் ஆனவர்கள் என்ற விவிலியக் கருத்தே அந்நிறுவனத்தின் குறிக்கோள் ஆனது. 1859இன் கடைசியில் அடிமை உடைமையாளர்களின் ஆதரவாளர்கள் ஆயுதங்களோடு வந்து, அவரையும் அவரோடு இருந்தவர்களையும் அந்தப் பகுதியிலிருந்தே துரத்தினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள்? பலகைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கற்ற இருவரில் ஒருவரை மற்றவரின் அடிமை என்று சொல்லி நம்பவைப்பது கடினம். அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1866இல் பள்ளி மீண்டும் திறந்தது. கறுப்பின மாணவர்கள் உள்ளே வந்தவுடன் வெள்ளை மாணவர்கள் சிலர் எழுந்து வெளியேறினார்கள். நிர்வாகம் கறுப்பின மாணவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த முதல் கல்வியாண்டில் 187 பேர் படித்தார்கள். அவர்களில் 96 பேர் கறுப்பினத்தவர், 91 பேர் வெள்ளையர். நேற்றுவரை எழுத்துக் கற்பது மறுக்கப்பட்டவர்களும், மலையில் வறுமையில் வளர்ந்த வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள். ஜூலியா பிரிட்டன் என்ற கறுப்பினப் பெண் அங்கே இசை கற்பித்தார். வெள்ளை மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். நம் ஊரில் சமபந்தியை ஆண்டுக்கொருமுறை விழாவாக நடத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியாவில் அது அன்றாட வாழ்க்கையாக இருந்தது.

1892இல் வில்லியம் ஃபிராஸ்ட் கல்லூரித் தலைவரானார். கல்லூரிக்குப் பணம் தேவை. வடக்கின் செல்வந்தர்களுக்கு அடிமை ஒழிப்பின் மீதான ஆர்வம் வற்றிவிட்டது. அப்பலாச்சிய மலை வெள்ளையரின் வறுமையைச் சொன்னால் பணம் வந்தது. ஃபிராஸ்ட் அவர்களை நோக்கித் திரும்பினார். வெள்ளை மாணவர் எண்ணிக்கை பெருகியது. பாதியாக இருந்த கறுப்பின மாணவர்கள் சிறுபான்மை ஆனார்கள். கறுப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்ற கோரிக்கைக்கு நிர்வாகம் செவிசாய்க்கவில்லை. இரு இனத்து மாணவர்கள் நட்பாகப் பழகுவதற்கு 1872இல் அறங்காவலர்கள் தந்த அனுமதியும் திரும்பப் பெறப்பட்டது. கதவு திறந்தே இருந்தது. ஆனால் வீடு யாருடையது என்பது மாறிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டுகளில் அங்கே படித்தவர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகன். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். விட்டுவிட்டுப் படித்து 1903இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, அவரைப் போன்ற ஒருவர் அங்கே நுழைவது குற்றமானது.

1904இல் கார்ல் டே என்ற உறுப்பினர் கென்டகி சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவந்தார். மாநிலத்தில் இரு இனத்தாரையும் சேர்த்துப் படிக்கவைத்த கல்லூரி பெரியா ஒன்றுதான். அந்த ஒன்றுக்காகவே ஒரு சட்டம்! மீறும் நிறுவனத்துக்கு 1000 டாலர் அபராதம். படிக்கும் மாணவருக்கும் அபராதம். கறுப்பினத்தவருக்குத் தனிக் கிளை வைத்தாலும் அது 25 மைல் தள்ளி இருக்கவேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே தூரம் அளந்து பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

கல்லூரி சட்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. 25 மைல் விதியை மட்டும் மாநில நீதிமன்றம் நீக்கியது. 1908இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. தீர்ப்பு இனச் சமத்துவம் என்ற கேள்வியை நேராகத் தொடவே இல்லை. கல்லூரி என்பது மாநிலம் உரிமம் தந்து உருவாக்கிய நிறுவனம். உருவாக்கிய மாநிலம் அதன் விதியையும் மாற்றலாம் என்றது. கென்டகிக்காரரான நீதிபதி ஹார்லன் இதை ஏற்கவில்லை. இன்று வகுப்பறையைப் பிரித்தால், நாளை வழிபாட்டிலும் சந்தையிலும் மக்கள் கலப்பதைத் தடுக்க முடியாதா என்று அவர் கேட்டார்.

இந்த வழக்கு நடந்த காலத்தில் பெரியா எடுத்த முடிவு என்ன? வெள்ளை மாணவர்களை வைத்துக்கொண்டது. கறுப்பின மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போக உதவி செய்தது. பிறகு அவர்களுக்காக நிதி திரட்டியது; 1912இல் லூயிவில் நகருக்கு அருகே லிங்கன் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. இதையெல்லாம் நல்ல மனதோடுதான் செய்தார்கள் என்று ஏற்றுக்கொள்வோம். ஆனாலும் இருவரில் ஒருவர் வெளியேற வேண்டும் என்றபோது, வெளியேறியவர் யார் என்பதுதான் வரலாறு. 1950இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே கறுப்பின மாணவர்கள் திரும்பி வந்தார்கள். நடுவில் 46 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து, படிக்காமலோ வெளியூரில் படித்தோ, பிள்ளைகளையும் பெற்று வளர்த்துவிட்ட காலம் அது.

உட்சன் சும்மா இருக்கவில்லை. 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1926இல் நீக்ரோ வரலாற்று வாரத்தைத் தொடங்கினார்; அதுவே இன்றைய கறுப்பின வரலாற்று மாதம். கல்லூரிக்குள் நுழைந்தால் போதாது, அங்கே கற்பிக்கப்படுவது நம்மை நாமே இழிவாக நினைக்கவைக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் என்பதை 1933இல் ஒரு நூலாகவே எழுதினார்.

மாணவ நண்பர்களே, சட்டம் பெரியாவை ஒரே நாளில் வீழ்த்தவில்லை. சட்டம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அது உள்ளே பின்வாங்கத் தொடங்கிவிட்டது. அதனால் உங்கள் கல்லூரியில் நமக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். ஆசிரியர் அறையில் எத்தனை பேர் நம்மவர்? விடுதியில் யார் யாரோடு சாப்பிடுகிறார்கள்? நன்கொடை தருபவர் முகம் சுளித்தால் நிர்வாகம் யாரை விட்டுக்கொடுக்கும்? இந்தக் கேள்விகளை ஆண்டுதோறும் கேளுங்கள், பதிலை எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அதுவே ஆவணம்.

ஜெய்பீம்.