வைகாசியில் கதவு திறக்கும் ஊர்கள்

இலங்கைத் தீவில் வசந்தகாலம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. குளிரில் இலை உதிர்வதும் இல்லை, பனி உருகுவதும் இல்லை. ஆனாலும் கிழக்குக் கரையின் மட்டக்களப்பு ஊர்களில் வழங்கிவந்த பழைய ஆட்டம் ஒன்றுக்குப் பேர் வசந்தன். சிறுவர்கள் காலில் சலங்கை கட்டி, கையில் கோல் ஏந்தி, வட்டமாகச் சுற்றி ஆடுவது அது. கோடை ஏறும் நாட்களில் ஆடப்படும் ஓர் ஆட்டத்துக்கு இந்தப் பேர் ஏன் வந்தது என்று கேட்டால், பதில் அந்த மண்ணின் மழைக்கணக்கில் இருக்கிறது.

கிழக்குக் கரைக்கு மழை தருவது வாடைக்காற்று. ஐப்பசியில் தொடங்கும் மாரி தை வரைக்கும் பெய்யும். அங்கே வேளாண்மை என்றால் நெல்தான். அந்த மாரியை நம்பி விதைத்த வேளாண்மையை மாசி, பங்குனியில் வெட்டிச் சூடடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அதன்பின் கைக்கு வேலை குறைவு, பட்டறையில் நெல் நிறைவு. ஆனால் அதே வேளையில் வானமும் வறண்டுவிடும். தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று ஈரமில்லாத கச்சானாக வீசும். குளம் வற்றும், கிணறு இறங்கும். அம்மை நோய் ஊருக்குள் வருவதும் இந்தக் காலத்தில்தான் என்று மக்கள் அஞ்சினார்கள். ஓய்வும் அச்சமும் ஒன்றாக வந்து சேரும் காலம் அது; அந்த மண்ணுக்கு வசந்தம் அதுதான். மட்டக்களப்பின் ஆட்டமும் பாட்டும் விளையாட்டும் இந்த இரண்டிலிருந்தும் பிறந்தவை. அதனால்தான் அவற்றில் எது பொழுதுபோக்கு, எது வழிபாடு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

சித்திரை வருடப்பிறப்பு இந்தக் காலத்தின் வாசல். மருத்துநீர் தேய்த்துக் குளிப்பது, பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்குவது, மரக்கிளையில் ஊஞ்சல் கட்டிப் பெண்கள் பாடி ஆடுவது, தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கும் போர்த்தேங்காய் என்று அந்த நாட்கள் கழியும். பெருவிழா அதற்கு ஒரு மாதம் கழித்து, வைகாசியில்.

மட்டக்களப்புக் கரையில் கண்ணகி அம்மன் கோயில்கள் ஏராளம். தம்பிலுவில், காரைதீவு, கல்முனை, மகிழூர், செட்டிபாளையம், புதுக்குடியிருப்பு என்று கோயில் கொண்ட ஊர்களை வரிசையாகப் பாடும் ஊர்சுற்றுக்காவியம் ஒன்றே உண்டு. இவற்றில் பல கோயில்களின் கதவு ஆண்டு முழுவதும் மூடியிருக்கும். வைகாசிச் சடங்குக்கு மட்டுமே திறக்கும். திருவிழா என்றல்ல, சடங்கு என்றுதான் அங்கே சொல்வார்கள். கதவு திறத்தலில் தொடங்கி, கல்யாணக்கால் நட்டு, இரவுகளில் கண்ணகி வழக்குரை படித்து, வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிக் குளிர்த்தியோடு முடியும். மதுரையை எரித்தவளின் கோபத்தை மஞ்சள் நீராலும் வேப்பிலையாலும் பாட்டாலும் ஆற்றுவதுதான் குளிர்த்தி. அவள் குளிர்ந்தால் நிலம் குளிரும், நோய் நீங்கும் என்பது நம்பிக்கை.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கயவாகு வழியாகவே பத்தினி வழிபாடு தீவுக்கு வந்தது என்பது சிங்கள மரபிலும் உள்ள கதை. அங்கே அவள் பத்தினித் தெய்வம். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறாயிற்று. ஆறுமுக நாவலரும் அவர் வழிவந்த சைவச் சீர்திருத்தமும் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அங்கே பல கண்ணகி கோயில்கள் வேறு அம்மன் பேர்களைச் சூடிக்கொண்டன. மட்டக்களப்பில் அவள் தன் பேரோடும் தன் கதையோடும் இருந்துவிட்டாள். அவளோடு சேர்ந்து அவளுக்கான விளையாட்டுகளும் தங்கின.

அவற்றில் மிகப் பெரியது கொம்புமுறி. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. காட்டில் தேடி வெட்டிய, உறுதியான, வளைந்த மரக்கொம்பு ஒன்று ஒவ்வொரு சேரிக்கும். இரண்டு கொம்பையும் கொக்கியோடு கொக்கியாக மாட்டி, வடக்கயிற்றில் பிணைத்து, ஒன்று முறியும் வரை இழுப்பார்கள். கோவலனும் கண்ணகியும் கொக்கத்தடியால் பூப்பறிக்கப் போனபோது தடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன, அதை விடுவிக்க இருபக்கமும் இழுத்தார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. இளங்கோவடிகள் எழுதாத கதை இது. மதுரைக்குப் போகும் முன், சிலம்புக்கும் கொலைக்கும் முன், அந்த இருவருக்கும் மகிழ்ச்சியான ஒரு காலைப்பொழுதை மட்டக்களப்பு மக்கள் தாமாகக் கொடுத்திருக்கிறார்கள். காப்பியத்துக்கு வெளியே பிறந்த கண்ணகி கதைகளில் இதைவிட அன்பானது இருக்க முடியாது.

விளையாட்டு என்னவோ அவ்வளவு மென்மையானதல்ல. கொம்பு முறிந்த சேரியை வென்ற சேரி வசைக்கவி பாடி இழிக்கும். மற்ற நாளில் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியக்கூடிய சொற்களுக்கு அன்று மட்டும் அனுமதி உண்டு. ஆண்டு முழுவதும் அடக்கி வைத்த பொருமலை அம்மன் முன்னிலையில் கொட்டித் தீர்த்துவிட்டால், அதுவும் ஒருவகைக் குளிர்த்திதான். வசை எல்லை மீறிச் சண்டையானதும் உண்டு. இதே விளையாட்டைச் சிங்களவர் அங்கெலிய என்பார்கள். அங்கேயும் இரு கட்சி, அங்கேயும் கொம்பு, அங்கேயும் வசை, அங்கேயும் பத்தினி. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழ் ஊரும் சிங்கள ஊரும் ஒரே தெய்வத்துக்காக ஒரே விளையாட்டை ஆடிவந்தன என்பதைப் பின்வந்த தலைமுறைகள் ஏறக்குறைய மறந்துவிட்டன. கொம்பு இழுத்த இடங்களின் பேர் மட்டும் சில ஊர்களில் நிலைத்திருக்கிறது. தேற்றாத்தீவில் உள்ள கோயிலுக்கு இன்றும் கொம்புச்சந்திப் பிள்ளையார் என்றே பேர்.

வசந்தன் இதே சடங்குக் காலத்து ஆட்டம். ஆடுவோர் எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கை, ஏனென்றால் கோலுக்குக் கோல் சோடி வேண்டும். ஆட்டம் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நின்று பாட, சிறுவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டே குதித்தும் குனிந்தும் இடம் மாறியும் கோலடிப்பார்கள். பாட்டில் பிள்ளையாரும் அம்மனும் உண்டு, அனுமான் உண்டு, பறவைகள் உண்டு, வேளாண்மை வெட்டும் உண்டு. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஆடப்படும் பொல்லடியும் கோலாட்டமே. அடுத்தடுத்த ஊர்களில் ஒரே கோலோசை.

வாய்மொழியாகவும் ஏட்டிலும் கிடந்த இந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் தி. சதாசிவ ஐயர். அவருடைய 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' 1940இல் அச்சேறியது. நாட்டார் பாடல் என்றாலே படித்தவர்கள் முகம் திருப்பிய காலம் அது. ஒரு பண்டிதர் ஊர் ஊராகப் பிள்ளைகளின் ஆட்டப்பாட்டைத் திரட்டினார் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். அந்த நூல் இல்லையென்றால் எத்தனையோ வசந்தன் பாடல்கள் அவற்றைப் பாடிய அண்ணாவிமாரோடு போயிருக்கும்.

சிறுவர்க்கு வசந்தன் என்றால் பெரியவர்க்குக் கூத்து. வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபு. வடமோடி பெரும்பாலும் பாரதப் போரையும் இராமாயணப் போரையும் ஆடும். தென்மோடியில் காதலும் கற்பனையும் மிகுதி. அறுவடை ஓய்வில் தொடங்கும் கூத்துப் பயிற்சி மாதக்கணக்கில் நீளும். யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்து அண்ணாவியார் பாட்டு எழுதிய ஏட்டைக் கொடுப்பது சட்டங்கொடுத்தல். ஆட்டம் பழகியதும் சலங்கை கட்டுதல். பிறகு வாராவாரம் ஆடிப் பார்க்கும் கிழமைக்கூத்து, அதன்பின் முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். வட்டமான களரியைச் சுற்றி ஊர் முழுவதும் பாயோடு வந்து உட்கார்ந்துவிடும். இரவு தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பகலில் வயலில் கூலிக்கு நின்றவன் அன்றிரவு முடி தரித்துத் துரியோதனனாக வந்து நிற்பான்.

இதை நகரம் கண்டுகொண்டது 1960களில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், எதிரிவீர சரத்சந்திர சிங்கள நாடக மரபிலிருந்து 1956இல் 'மனமே'யை உருவாக்கிய அதே சூழலில், மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்'. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் வந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் இந்தக் கூத்துகளையே ஆய்வு செய்து, ஆடியும் ஆட்டுவித்தும் வந்தார். விடிய விடிய ஆடியது சில மணி நேரத்துக்குள் சுருங்கியது; வட்டக்களரி, ஒருபக்கம் மட்டும் பார்க்கும் மேடையானது. இந்த மாற்றம் குறித்த விவாதம் இன்றும் ஓயவில்லை. சுருக்கியதால் கூத்து மதிப்புப் பெற்றது உண்மை. ஆனால் பாயில் படுத்துத் தூங்கி விழித்து மீண்டும் பார்க்கும் அந்த இரவு மேடையில் இல்லை என்பதும் உண்மை. சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கர் பின்னர் தொடங்கிய மீளுருவாக்க முயற்சி இதற்கு மறுபக்கத்திலிருந்து வந்தது. கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுக்காமல், ஊர்க்காரரோடு உட்கார்ந்து பேசி, களரியிலேயே அதைப் புதுப்பிக்கும் வழி அது.

இடையில் உள்நாட்டுப் போர் வந்தது. கூத்து இரவுக்கு உரியது. போர்க்காலத்தில் இரவு மக்களிடம் இல்லை. ஊரடங்கும் இடப்பெயர்வும் வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டையும் வாட்டின. கொம்பு வெட்டக் காட்டுக்குப் போவதே உயிராபத்து. 2004 மார்கழியில் கடற்கோள் எழுவான்கரை ஊர்களைச் சிதைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் வைகாசிச் சடங்கு ஆழ வேரோடி நின்றது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகும் குளிர்த்தி நின்றுவிடவில்லை. இன்னும் வெயில் இருக்கிறது, கச்சான் இருக்கிறது.

வைகாசிப் பௌர்ணமியில் அதே தீவின் பௌத்த ஊர்கள் வெசாக் கூடுகளை ஏற்றித் தெருவுக்குத் தெரு தோரணம் கட்டுகின்றன. அதே நாட்களில் முல்லைத்தீவு வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கலுக்காகக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். மட்டக்களப்புக் கரையில் குளிர்த்திப் பாட்டு முடிய, மஞ்சள் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு சனம் வீட்டுக்குத் திரும்பும். கோயில் கதவு அடைபடும். அடுத்த வைகாசி வரை அது திறக்காது.