டூட் ராஞ்ச்: காசு கொடுத்து மாடு மேய்க்கப் போனவர்கள்

'டூட்' என்ற சொல்லை இன்று காலேஜ் பசங்க பத்து வார்த்தைக்கு ஒரு தடவை சொல்கிறார்கள். 1883 வாக்கில் நியூயார்க்கில் அது பரவியபோது சுத்தமான கிண்டல் சொல். மடிப்புக் கலையாத கோட்டு, இறுக்கமான கால்சட்டை, கையில் கைத்தடி என்று திரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்த பெயர். நம்ம ஊர் 'மைனர்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் ரயிலேறி மேற்கே போனது. அங்கே கிழக்கிலிருந்து வந்து இறங்கியவர் எல்லாருமே டூட்தான். அவர்கள் காசு கொடுத்துத் தங்கிய மாட்டுப் பண்ணைக்கு 'டூட் ராஞ்ச்' என்று பெயர் வந்தது.

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மாநிலங்களில் இன்றும் மாடு வளர்ப்பு உயிரோடு இருக்கும் தொழில். வசந்த காலத்தில் கன்றுகளைப் பிடித்துச் சூடு போடுகிறார்கள், கோடையில் மந்தையை மலைக்கு ஓட்டுகிறார்கள். அந்தப் பண்ணைகள் சிலவற்றில் ஒரு வாரம் தங்கி, குதிரை ஏறி, விருப்பப்பட்டால் மந்தையின் பின்னால் தூசி தின்றுகொண்டே போகலாம். அதற்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும்!

இதைக் கேட்டவுடன் பலர் நினைப்பது என்ன? கௌபாய் காலம் முடிந்தது, பிழைப்புப் போனது, அதனால் டூரிஸ்டுகளுக்கு வேஷம் கட்டிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதானே என்று. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விருந்தாளி கடைசியில் வந்து சேர்ந்தவர் இல்லை. கிட்டத்தட்ட கௌபாய் வந்த ரயிலிலேயே அவரும் வந்துவிட்டார்.

1876 மே மாதக் கடைசியில் ஜெனரல் கஸ்டரின் படை இன்றைய வடக்கு டகோட்டாவில் லிட்டில் மிசௌரி ஆற்றோரம் முகாம் போட்டது. அடுத்த மாதமே லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் லகோட்டா, செயன் வீரர்கள் கஸ்டரையும் இருநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களையும் கொன்றார்கள். ஜெயித்தது அவர்கள். ஆனால் நிலம் அவர்களிடம் நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அவர்கள் ரிசர்வேஷன்களுக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்கள் வாழ்வுக்கு ஆதாரமான காட்டெருமைக் கூட்டங்கள் சுட்டுத் தள்ளப்பட்டன. காலியான புல்வெளியில் மாடுகள் இறங்கின. நார்தர்ன் பசிபிக் ரயிலும் வந்தது.

கஸ்டர் முகாமிட்ட அந்தப் பக்கத்திலேயே பிட்ஸ்பர்க் நகரத்து ஈட்டன் சகோதரர்கள் (ஹோவர்டு, ஆல்டன், வில்லிஸ்) பண்ணை வைத்தார்கள். பெயரே 'கஸ்டர் ட்ரெயில் ராஞ்ச்'. ஹோவர்டு கடிதம் எழுதுவதில் மன்னன் போலிருக்கிறது. வேட்டை பற்றியும் குதிரைகள் பற்றியும் அவர் ஊருக்கு எழுத, நண்பர்கள் கிளம்பி வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கினார்கள். நம்ம வீடுகளில் கோடை லீவுக்கு வந்து இறங்கும் சொந்தக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கதைதான். 1882-ல் ஒரு விருந்தாளி, இவ்வளவு நாள் ஓசியில் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது, காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று தானே முன்வந்து கொடுத்ததாக ஈட்டன் குடும்பத்துக் கதை சொல்கிறது. அதாவது லிட்டில் பிக்ஹார்ன் நடந்து வெறும் ஆறே வருஷம். போர்க்களத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி.

அடுத்த வருஷம் அதே வட்டாரத்தில் இறங்கினார் இன்னொரு டூட். மூக்குக்கண்ணாடி போட்ட, ஹார்வர்டில் படித்த நியூயார்க்காரர். காட்டெருமை வேட்டையாட வந்தவர் மாட்டுப் பண்ணையில் பணத்தைப் போட்டார். பெயர் தியோடர் ரூஸ்வெல்ட்! 1884 பிப்ரவரி 14 அன்று அவருடைய மனைவியும் தாயும் ஒரே நாளில் இறந்துபோக, துக்கத்தை ஆற்ற அவர் திரும்பிப் போனதும் அந்தப் புல்வெளிக்குத்தான். 1901-ல் அவர் ஜனாதிபதி ஆனபோது, மேற்கே போய்க் குதிரை ஏறினால் நகரத்துப் பையன் ஆம்பளையாகத் திரும்புவான் என்ற நம்பிக்கைக்கு அவரை விடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு பெரிய அடி விழுந்தது. அந்தக் காலத்து மாடு வளர்ப்பு வேலியில்லா வளர்ப்பு. அரசு நிலத்தில் அவிழ்த்துவிட்டால் அதுவாக மேயும், குளிர்காலத்துக்கு வைக்கோல் சேமிப்பது அபூர்வம். 1886 கோடையில் மழை பொய்த்தது. ஏற்கெனவே அளவுக்கு மீறி மந்தை சேர்ந்து புல் தீர்ந்திருந்தது. அதன் மேல் வந்த 1886-87 குளிர்காலத்தில் பனிப்புயல் மேல் புயல். உறைந்த பனிக்கு அடியில் இருந்த புல்லை எட்ட முடியாமல் மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. ரூஸ்வெல்ட்டின் மந்தையில் பாதிக்கு மேல் போனது. மாட்டை மட்டும் நம்பியிருந்த பல கம்பெனிகள் மூட்டை கட்டின. விருந்தாளிக் காசு கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த ஈட்டன் சகோதரர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

பனிப்புயல் விருந்தாளியைக் கொல்லாது, மாட்டு விலை இறங்கினாலும் அவர் வாடகை இறங்காது. இந்தக் கணக்கு புரிந்தபின் ஹோவர்டு ஈட்டன் முழு மூச்சாக இறங்கினார். கூட்டம் கூட்டமாக ஆட்களைக் குதிரையில் ஏற்றி யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா முழுக்க வாரக்கணக்கில் சுற்றிக் காட்டினார். 1904-ல் குடும்பம் வயோமிங்கில் ஷெரிடன் நகருக்குப் பக்கத்தில் வுல்ஃப் என்ற இடத்துக்குப் பண்ணையை மாற்றியது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக அது அதே குடும்பத்தின் கையில் இருந்தது. 1915-ல் யெல்லோஸ்டோனுக்குள் மோட்டார் கார் அனுமதிக்கப்பட்டது. குதிரைப் பயணத்துக்கு அதுவே முதல் எச்சரிக்கை. ஹோவர்டு 1922-ல் இறந்தார். மறு வருஷம் பூங்காவின் நீண்ட குதிரைப் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

சரி, வந்தவர்கள் என்னதான் கற்றுக்கொண்டார்கள்? லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேணம் கண்ணுக்குப் பழக்கம். முன்னால் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது அழகுக்கு இல்லை. சுருக்குக் கயிற்றில் மாடு மாட்டியதும் கயிற்றின் மறுமுனையை அதில்தான் சுற்றுவார்கள். கயிறு பிடிக்க ஒரு கை வேண்டுமே, அதனால் கடிவாளம் ஒரு கையில் மட்டும். வாயை இழுக்காமல், வார் கழுத்தில் உரசும் பக்கத்தை வைத்துக் குதிரை திரும்பும். இரண்டு கையாலும் கடிவாளம் பிடித்து இங்கிலாந்து முறையில் பழகிய கிழக்கத்திய சீமான்கள் முதல் நாள் திண்டாடியிருப்பார்கள். பண்ணையில் விருந்தாளியை நிறுத்தி, நடையையும் உட்காரும் விதத்தையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன குதிரை என்று ஒதுக்குவது ஒரு தனிக் கலை. தங்கும் நாள் முழுக்க அதே குதிரை. சாது, முரடு, சோம்பேறி எல்லாவற்றின் குணமும் குதிரைக்காரருக்கு அத்துப்படியாக இருந்தால்தான் கை கால் முறியாமல் ஊர் திரும்ப முடியும்.

இந்த வித்தை அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. குதிரையே ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. (அந்தக் கண்டத்தில் முன்பு இருந்த குதிரைகள் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன.) ராஞ்ச், ரோடியோ, லாசோ, மஸ்டாங் எல்லாமே ஸ்பானியச் சொற்கள். 'பக்கரூ' என்பது 'வகேரோ'வின் திரிபு, அதாவது மெக்சிகோ மாட்டுக்காரர். டெக்சாஸிலிருந்து மந்தை ஓட்டியவர்களில் மெக்சிகர்களும் கறுப்பர்களும் ஏராளம். எருதின் கொம்பைப் பிடித்து முறுக்கிக் கீழே சாய்க்கும் ரோடியோ போட்டியைப் பிரபலமாக்கிய பில் பிக்கெட் ஒரு கறுப்பர். ஆனால் விருந்தாளிகள் தேடி வந்தது 1902-ல் வெளியான ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜினியன்' நாவலில் வரும் வெள்ளைக்காரக் கௌபாயை. பல பண்ணைகள் அறிமுகக் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்க்கவில்லை, யூதர்களுக்கு இடமில்லை என்று ஒதுக்கிய பண்ணைகளும் இருந்தன. திறந்த வெளி, திறந்த மனசு என்று அந்தக் காலத்தைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் அங்கே காற்று உண்மையிலேயே வேறு மாதிரி அடித்தது. நகரத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்து குதிரை ஏறிய பெண்கள், இங்கே காலை இரண்டு பக்கமும் போட்டு ஏறினார்கள், தனியாக மலைக்குப் போனார்கள், ஆண்களின் முரட்டு ஜீன்ஸை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1934-ல் லீவைஸ் கம்பெனி பெண்களுக்கென்றே 'லேடி லீவைஸ்' ஜீன்ஸை வெளியிட்டபோது அதன் கண் இருந்தது இந்த டூட் ராஞ்ச் வாடிக்கையாளர்கள் மேல்தான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்து ஐரோப்பா பயணம் நின்றதும் பணக்காரர்கள் கூட்டமாக மேற்கே திரும்பினார்கள். போர் முடிந்ததும் மாட்டு விலை சரிய, 1920-களில் பண்ணைக்காரர்களுக்கு விருந்தாளிகள் இன்னும் அவசியமானார்கள். ரயில்வேக்கும் இதில் லாபம் உண்டு, ஏனென்றால் அன்று விருந்தாளி என்றால் பெட்டி படுக்கையோடு ஒரு கோடை முழுவதும் தங்குபவர். நார்தர்ன் பசிபிக் ரயில்வேயின் ஊக்கத்தோடு 1926-ல் மொன்டானாவில் டூட் ராஞ்ச் முதலாளிகள் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் லாரி லாரம், பிரின்ஸ்டனில் படித்தவர். அவரோடு சேர்ந்து பண்ணை வாங்கியவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற 'புரூக்ஸ் பிரதர்ஸ்' துணிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. நேற்றைய டூட் இன்றைய முதலாளி!

இதே ரகம்தான் ஸ்ட்ரதர்ஸ் பர்ட். பிலடெல்பியாவிலிருந்து வந்த எழுத்தாளர். 1912-ல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கில், டீட்டன் மலைகளுக்கு எதிரே 'பார் பி.சி.' பண்ணையை ஒரு நண்பரோடு ஆரம்பித்தார். மாடு வளர்ப்பவருக்கு மலை வெறும் தடுப்புச் சுவர். பர்ட்டுக்கோ அதுதான் முதலீடு. சாலையோரம் பெட்ரோல் பங்க்கும் மலிவுக் கொட்டகைகளும் முளைக்க ஆரம்பித்ததும் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. தேசியப் பூங்காவை முதலில் எதிர்த்தவர் அவர். ஆனால் 1923-ல் மாட் நோபிள் என்ற பெண்மணியின் மரக்குடிலில் யெல்லோஸ்டோன் பூங்காவின் தலைமை அதிகாரி ஹொரஸ் ஆல்பிரைட்டோடு உள்ளூர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்து, பள்ளத்தாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசியபோது பர்ட்டும் அங்கே இருந்தார்.

1926-ல் ஆல்பிரைட் அந்த இடத்தைக் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியருக்குக் காட்டினார். ராக்ஃபெல்லர் தன் பெயர் வெளியே தெரியாமல் 'ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி' என்ற பெயரில் முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேல் வாங்கிக் குவித்தார். விஷயம் வெளியானதும் ஊரே கொதித்தது. 1929-ல் உருவான கிராண்ட் டீட்டன் பூங்காவில் மலையும் ஏரிகளும் மட்டுமே இருந்தன. பள்ளத்தாக்கு இல்லை. அதை 1943 மார்ச்சில் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

மே மாதம் பண்ணைக்காரர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகளை அந்த நிலத்தின் குறுக்கே, அனுமதி வாங்காமல், ஓட்டிப்போய் எதிர்ப்புக் காட்டினார்கள். ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஹாலிவுட் நடிகர் வாலஸ் பீரி! ஜாக்சன் ஏரிக்கரையில் கோடை வீடு வைத்திருந்தவர், மாட்டுப் பண்ணைக்காரரே அல்ல. காசு கொடுத்து கௌபாய் ஆனவர்கள் ஒரு பக்கம் பூங்கா கேட்க, நிஜ கௌபாய்கள் நடிகரை முன்னால் விட்டுப் போராடிய கூத்தை எந்தச் சினிமாவிலும் பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் கோபம் நடிப்பு இல்லை. மேய்ச்சல் போனால் அவர்களுக்கு மந்தையே போனது.

1950-ல் சமரசம் வந்தது. பள்ளத்தாக்கு பூங்காவோடு சேர்ந்தது, பழைய பண்ணைக் குடும்பங்களின் மேய்ச்சல் உரிமை தொடர அனுமதித்தார்கள், இனி வயோமிங்கில் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் எந்த ஜனாதிபதியும் இப்படி நினைவுச்சின்னம் அறிவிக்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அன்று மாடு ஓட்டியவர்களில் ஒருவரான கிளிஃப் ஹேன்சன் பின்னாளில் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார். அன்று தங்கள் பக்கம் தோற்றது நல்லதுதான் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காரும் மோட்டலும் வந்து கோடை முழுக்கத் தங்கும் வழக்கத்தை முடித்துவைத்தன. மாசக்கணக்கு வாரக்கணக்கானது. 1991-ல் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' என்ற நகைச்சுவைப் படம், மாட்டு மந்தை ஓட்டப் போகும் மூன்று நகரத்து நண்பர்களைக் காட்டி ஹிட்டானது.

பர்ட்டின் பார் பி.சி. 1980-களில் காலியானது. அதன் மரக்குடில்கள் ஸ்னேக் ஆற்றோரம் பூங்கா நிர்வாகத்தின் பராமரிப்பில் வரலாற்றுச் சின்னமாக நிற்கின்றன. அதே பூங்காவுக்குள் 1926-ல் டர்னர் குடும்பம் தொடங்கிய 'டிரையாங்கிள் எக்ஸ்' பண்ணை மட்டும் இன்னும் நடக்கிறது. நிலம் மத்திய அரசுடையது, பண்ணை நடப்பது ஒப்பந்தத்தில். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் இயங்கும் ஒரே டூட் ராஞ்ச் அதுதான். கோடைக் காலையில் அங்கே குதிரைகளைச் சேணம் போட்டு நிறுத்தி, வந்திறங்கிய டூட்களின் நடையை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார்கள் குதிரைக்காரர்கள்.