கண்ணாடித் தொட்டியும் கொல்லிமலை மீனும்

போன சனிக்கிழமை எங்கள் பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகும் சீரகமும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஒருவர் பாலித்தீன் பைகளில் வண்ண மீன்களைக் கட்டித் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். தெரிந்த ஒருவரின் பேரன் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றான். "ஏனுங்க ஐயா, நீங்க தொட்டி வெச்சு வளத்தவராச்சே, வாங்கிக் குடுக்கலாங்களா?" என்று அவர் என்னைக் கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அரசாங்க எழுத்தர் புத்தி, எதையும் கோப்பைப் புரட்டிவிட்டுத்தான் சொல்லும். அந்தக் கோப்புதான் இது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பள்ளியில் நெப்போலியனைப் பற்றி உருப்போட்டோமே தவிர, ழான் வில்ப்ரோ பவர் என்ற அம்மையாரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு ரோமன் ரோலண்ட் நூலகத்தில்தான் அவர் பெயரைப் பார்த்தேன். 1794இல் பிறந்தவர். செருப்புத் தைப்பவரின் மகள். பாரீசுக்குப் போய்த் துணி தைத்துப் பிழைத்தார். அரச குடும்பத்துத் திருமண உடையில் அவர் செய்த வேலையால் பெயர் பெற்றார். ஆங்கிலேய வணிகர் ஒருவரை மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார்.

ஆர்கோநாட் என்று பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கடல் உயிர் உண்டு. காலிச் சங்கில் குடியேறும் நண்டைப் போல அதுவும் பிறர் ஓட்டைத் திருடிக்கொள்கிறதா, தானே செய்துகொள்கிறதா என்று அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். செத்ததைப் போத்தலில் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்காது. அந்த அம்மையார் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீர் நிரப்பி, உயிரோடு வைத்துப் பார்த்தார். ஓட்டை உடைத்துவிட்டால் அது தானே ஒட்டுப்போட்டுக்கொள்வதைக் கண்டார். வழக்கு தீர்ந்தது. நம் வரவேற்பறைத் தொட்டிக்கு மூதாதை அதுதான்.

தொட்டி செய்வது சுலபம், அதில் மீனைப் பிழைக்க வைப்பதுதான் கஷ்டம். 1850 வாக்கில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் விட்டு, ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு உதவும்படி செய்தால் தண்ணீர் கெடாமல் நிற்கும் என்று காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் வீடு திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் காஸ் எழுதிய புத்தகத்தால் அக்வேரியம் என்ற சொல் வீட்டுக்கு வீடு பரவியது.

இவ்வளவையும் படித்திருந்தும், பேத்திக்காக முதல் தொட்டி வைத்தபோது நான் செய்த காரியம் வெட்கக்கேடு. சுத்தம் என்று நினைத்து வாரம் தவறாமல் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். தங்கமீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. "தாத்தா, நீங்க குளிப்பாட்டுறதாலதான் சாகுது" என்றாள் பேத்தி. அவள் சொன்னதுதான் சரி. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது விஷம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறி நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். நான் வாராவாரம் அவற்றைத்தான் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்தேன். மீன் வளர்ப்பது என்றால் முதலில் தண்ணீர் வளர்ப்பது.

அடுத்த கட்டம் குஞ்சு பொரிக்க வைப்பது. இதிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. பாரீசின் பியேர் கார்பொன்னியே, சீனாவிலிருந்து 1869இல் வந்த சொர்க்க மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய வைத்தார். ஆண் மீன் வாயால் நுரைக்குமிழி ஊதிக் கூடு கட்டி, முட்டைகளை அதில் வைத்துக் காவல் காக்கும். இந்த வகை மீன்கள் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். அதனால்தான் அந்தக் காலக் கப்பலில் குடத்துக்குள் பிழைத்து வர முடிந்தது. நம் பனையேறிக் கெண்டையும் இந்த உறவுதான். அது பனைமரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியது 1797இல் லண்டனில் அச்சானது. நம் உப்பங்கழிகளில் உள்ள இன்னொரு சின்ன மீனைச் சிலர் செல்லாக்காசு என்பார்கள். ஜெர்மானியர் பிளாக் அதை 1795இல் அறிவியல் ஏட்டில் பதிந்தார். தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். குஞ்சுகள் பெற்றோர் உடம்பின் வழவழப்பைக் கொறித்து வளரும். இங்கே செல்லாத காசு, வெளிநாட்டுத் தொட்டிகளில் செல்லும் காசு!

நம் பக்கம் மக்கள் தொட்டி மீனைப் பார்த்தது சென்னை மெரினாவில். எட்கர் தர்ஸ்டன் தொடங்கி வைத்த முயற்சியால் 1909இல் அங்கே மீன் காட்சிசாலை திறந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜப்பான் பயத்தில் மூடிவிட்டார்கள். ஆனால் வண்ண மீனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது சென்னைக் குளத்தூர்க் குடும்பங்கள். கொல்லைப்புறத்துச் சிமெண்ட் தொட்டிகளில் கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல், ஃபைட்டர் என்று பெருக்கி ஒரு தொழிலையே உண்டாக்கினார்கள். கப்பி குட்டி போடும். தங்கமீன் செடிவேரில் முட்டையைத் தூவிவிட்டு, கவனிக்காவிட்டால் தானே தின்றுவிடும். ஏஞ்சல் அகன்ற இலையில் வரிசையாக ஒட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம்.

கடல் தொட்டி இன்னும் கடினம். உப்பின் அளவு கொஞ்சம் மாறினாலும் ஆபத்து. 2001இலிருந்து பவளப்பாறையும் கடல்குதிரையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பெயர்த்து வந்து அலங்காரம் செய்தால் குற்றம். கோமாளி மீனை மட்டும் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கடலைத் தொடாமல் கடல் மீன் கிடைக்க அதுதான் வழி.

இனி நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் பேத்தி கல்லூரிக்குப் போனதும் தொட்டியை எடுத்துவிட்டோம். பாசி தின்னும் என்று வாங்கிய டேங்க் கிளீனர் மீன் இரண்டு, முழ நீளம் வளர்ந்து நின்றன. கொல்ல மனமில்லை. பக்கத்து ஏரியில் விட்டேன், புண்ணியம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து ஏரியில் வலை போட்டவர் கறுப்பாக, முள்ளும் ஓடுமாக ஒரு மீனைக் காட்டி, "இந்தச் சனியன் வலையக் கிழிச்சுப்போடுதுங்க ஐயா, கெண்டையும் கொறஞ்சுபோச்சு" என்றார். நான் விட்டதா, வேறு யாராவது விட்டதா, தெரியாது. வாய் திறக்காமல் வந்துவிட்டேன். அது தென் அமெரிக்க மீன், இங்கே அதைத் தின்ன ஆளில்லை. கொசுவை ஒழிக்க 1928இல் கொண்டுவந்த கம்பூசியா நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமாவே வலையில் சிக்கியது. ஒவ்வொன்றும் யாரோ நல்ல மனதோடு அல்லது கவனக்குறைவாக விட்டதுதான்.

கொல்லிமலை மேலே அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துக் குழம்பில் போட்ட மீன் மறுபடி பொருந்தி ஆற்றில் துள்ளிக் குதித்தது என்பது தலபுராணம். அதனால் மீனுக்கு முதலில் உணவிட்டு, பிறகு சுவாமியைக் கும்பிடுகிறார்கள். கண்ணாடி இல்லை, வடிகட்டி இல்லை. அந்த ஆற்றின் மீனை அந்த ஆற்றிலேயே வைத்துப் பார்க்கிறார்கள். அறிஞர்கள் நூறு வருஷம் தொட்டியில் தேடிய சமநிலை அங்கே சும்மா கிடைக்கிறது.

நண்பருக்கு என் பதில் இதுதான். பேரனுக்கு வாங்கிக் கொடுங்கள். கிண்ணம் வேண்டாம், கொஞ்சம் பெரிய தொட்டியாக இருக்கட்டும். தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள், ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள், மீன் குறைவாக விடுங்கள். சலித்துப்போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பாவத்துக்கு நான் ஒருவன் போதும்.